வால் முளைத்த கால்

ஒப்புநோக்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமார் இருவருக்கும்,

நான் போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதிவைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலையை விட்டுப் போகிறவர்கள் இப்படி எழுதுவது உண்டுதான். ஆனால் அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில் தொங்கும். எனக்கு இருபத்தொன்பது வயது. கண்ணாடி இல்லை. ஆசிரியை நியமனம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். என்னை ஒரு கிழவியாக நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டாம்.

திருத்தக் குறிகளை எப்படிப் போடுவது என்று நான் எழுதப்போவதில்லை. அவை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிய அட்டையில் இருக்கின்றன. இரண்டு நாளில் கை பழகிவிடும். அந்த அட்டையில் இல்லாத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்களிடம் வரும் பிழைகள் இரண்டு வகை. ஒன்று எழுதியவர் விட்ட பிழை. அதைக் கண்டுபிடிக்க நன்றாகத் தமிழ் படித்த யாராலும் முடியும். மற்றது ஈய அச்செழுத்தின் பிழை. எழுதியவர் சரியாக எழுதியிருப்பார், எழுத்துக் கோத்தவரும் சரியாகக் கோத்திருப்பார், ஆனால் தாளில் விழும்போது அது வேறு சொல்லாக விழும். உதாரணத்துக்கு, எங்கள் எழுத்துப் பெட்டியில் இருக்கும் ‘ர்’ என்பது, ‘கா’வில் வரும் துணைக்காலின் தலையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி தேய்ந்து உடைந்துபோனால் மிஞ்சுவது வெறும் கால். ‘அவர்’ வந்து ‘அவா’ என்று நிற்பார். அப்படித்தான் ‘கெ’யில் முன்னால் நிற்கும் கொம்பும். அது தனி ஈயத் துண்டு. வரி நிரம்பிவிட்டால் கொம்பு மட்டும் வரிக் கடைசியில் நின்றுவிடும், அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்கு இறங்கிவிடும். நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கலியாண அழைப்பிதழில் மணமகள் செல்வராணியின் கொம்பு மேல் வரியில் தங்கிவிட்டது. அடித்துப் பார்த்த முதல் தாளை முதலாளி என் முன்னால் வைத்து, “மாப்பிள்ளை தாலி கட்டப்போறது செல்வராணிக்கோ, சல்வராணிக்கோ? கேட்டுச் சொல்லும், இடம் மாறிப்போகப்போகுது” என்றார். அன்று முழுக்க நான் யாரோடும் கதைக்கவில்லை.

கதைக்காமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். அதை மறைக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பெருவிரலை மையில் தோய்த்து வைப்பவர். அம்மா குருநகர்ச் சந்தையில் மீன் விற்றுத்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். அண்ணன் எட்டு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கியவர். நான் ஒருத்திதான் படித்தேன், உயர்தரம் வரை படித்தேன், நன்றாகவும் படித்தேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஜெர்மனியிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அது பிரிக்கப்படாமல் முதலில் என் கைக்குத்தான் வரும். என் கண்ணுக்கு எழுத்து தப்பாது என்று நான் நம்பினேன். ஊரும் நம்பியது. ஒப்புநோக்கிய தாளின் மூலையில் மற்றவர்கள் சுருக்கமாகக் கையெழுத்துப் போடுவார்கள். நான் முழுப்பெயரையும் எழுதுவேன்.

அந்த முழுப்பெயருக்குக் கீழே ஒருநாள் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

போரில் பொருட்களை உள்ளே விடாத தடை தொடங்கிய காலம் அது. பட்டணத்தில் இருக்க முடியாமல் அச்சகம் கொக்குவிலில் இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மின்சாரம் இல்லை. இப்போது நீங்கள் பார்க்கிற அதே மிதிக்கிற யந்திரம்தான். மை கிடைப்பது கடினம், தாள் கிடைப்பது அதைவிடக் கடினம். அச்சடிக்க வருகிறவர்கள் தாளையும் தாங்களே கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பிரித்து எடுத்த, கோடு போட்ட தாள்.

எழுத்தும் அப்படித்தான். புதிய எழுத்து எங்கிருந்தும் வராது. பெட்டியில் இருப்பதைக் கொண்டுதான் கோக்க வேண்டும். அதிலும் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது கால். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அம்மா, அப்பா, மாமா, தாத்தா, எங்கள் உறவெல்லாம் காலில்தான் நிற்கிறது. ஆகவே கல்வெட்டு அடிக்க யாராவது வந்தால் கனகண்ணைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கனகண்ணையை உங்களுக்குத் தெரியாது. இங்கே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எழுத்துக் கோத்தவர். இப்போது மகளோடு வன்னிக்குப் போய்விட்டார். கல்வெட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். முதலில் தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை, அதன் பிறகு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்திலும் கால்கள் வரிசையாக நிற்கும்.

கால் தீர்ந்துபோனால் கனகண்ணை ஒரு வேலை செய்வார். ‘ர’ என்பது வேறொன்றும் இல்லை, அடியில் ஒரு சின்ன வால் சாய்ந்து இறங்குகிற கால்தான். பெட்டியில் மிஞ்சியிருக்கும் ‘ர’ சிலதை எடுத்து, அந்த வாலை அரத்தால் தேய்த்துவிடுவார். கால் ஆகிவிடும். “ஒரு வாலை வெட்டினா ஒரு கால் லாபம்” என்பார். நன்றாகத்தான் செய்வார். அடித்த தாளில் எது பிறவிக் கால், எது வெட்டிய கால் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கல்வெட்டைக் கொண்டுவந்தவர் கோப்பாயில் தோட்டம் செய்யும் இராசையா அண்ணை. ஐம்பது வயது இருக்கும். இறந்தது அவருடைய தாயார், பெயர் நாகம்மா. நூற்றைம்பது புத்தகத்துக்கான தாளை உரப்பையில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவந்தார். தன் பிள்ளைகளின் கொப்பி, தம்பியின் பிள்ளைகளின் கொப்பி, அயல் வீட்டுப் பிள்ளைகளின் கொப்பி எல்லாம் பிரித்து எடுத்தது. பிள்ளைகள் எழுதாமல் விட்ட பக்கங்கள். எண்ணிக் கொண்டுவந்திருந்தார். மேலதிகமாக ஒன்றுகூட இல்லை.

“பிள்ளை, இதுக்கு மேலை எங்கடை ஊரிலை வெள்ளைத் தாள் இல்லை” என்று சொல்லித்தான் என் மேசையில் வைத்தார். “பள்ளிக்கூடத்திலை என்ரை மகள் இப்ப மட்டையிலைதான் கணக்குச் செய்யிறா.”

அந்தியேட்டிக்கு முதல்நாள் மத்தியானம். அச்சேற்றக் கடைசிப் பக்கத்தின் எழுத்துத் தட்டு ஒன்றுதான் மிச்சம். தேவாரம் இருந்த பக்கம் ஏற்கெனவே அடித்துக் காய்ந்திருந்தது. அதே தாளின் மறுபுறத்தில் வாழ்க்கை வரலாறு அடிக்க வேண்டும். ஒரு தாள் பழுதானால் இரண்டு பக்கமும் போச்சு. முதலாளி மை தேடி மானிப்பாய்ப் பக்கம் போயிருந்தார். அச்சகத்தில் நானும் கனகண்ணையும்தான். இராசையா அண்ணை அடித்து வரும் தாளை வாங்கி அடுக்குவதற்கு யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

நான்காவது ஆள் என் அண்ணன். காலையில் என் சைக்கிள் ரியூப் வெடித்துவிட்டது. என்னை ஏற்றிப் போக வந்திருந்தார். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த நாட்கள், அவருக்கும் வேலை இல்லை. மேசைக்கு மறுபக்கம் எனக்கு எதிரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உந்தத் தாளை எத்தினை தரம் பாப்பாய்?” என்று கேட்டார்.

“மூண்டு தரம்.”

“நாங்கள் வலையை ஒருக்காத்தான் பாப்பம். ஒரு கண் பிஞ்சிருந்தாலும் தெரிஞ்சிடும்.”

“வலையிலை எழுத்து இல்லை அண்ணை.”

“இல்லாதபடியால்தான் தெரியுது.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசித்து முடித்தேன். எல்லாம் சரி. ‘அச்சிடலாம்’ என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டேன். கனகண்ணை மிதிக்கத் தொடங்கினார். இராசையா அண்ணை ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் வாங்கி வைத்தார்.

நான் பேனையை மூடி, பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் நான் கையெழுத்திட்ட தாளை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த பக்கத்துக்கு அது தலைகீழ். எந்தப் பக்கமாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

“எடியே, இஞ்சை பார். இந்தச் சொல்லு இதிலை ஆறு தரம் வருது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒரே மாதிரி இருக்குதெல்லே. ஆறு இடத்திலையும் ஒரே நீளம். ஆனா இந்த ஒண்டிலை மட்டும் ஒருத்தனுக்கு வால் முளைச்சிருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அது வால் இல்லை, எழுத்து. சும்மா இருங்கோ” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “கனகண்ணை, கேட்டியளே, வாசிக்கத் தெரியாத ஆள் எனக்கு ஒப்புநோக்குறார்” என்று அவருக்கும் கேட்கும்படி சொன்னேன். கனகண்ணை மிதித்தபடியே சிரித்தார்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு என்னோடு கோபம் வருவதே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். “சரி டீச்சர். எனக்கென்ன, வால் இருந்தா இருந்திட்டுப் போகட்டும்” என்றார்.

அவர் சொல்வது பிழை என்று காட்டுவதற்காகத்தான் தாளை என் பக்கம் திருப்பினேன். அவர் விரல் வைத்த வரியை வாசித்தேன். ‘சிவபதமடைந்த நாகம்மா அவர்கள்.’ மீண்டும் வாசித்தேன். நாகம்மா. சரியாகத்தான் இருந்தது.

“எங்கை வால்?”

அவர் இரண்டு பெருவிரலாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்ததையும் அதன் பின்பகுதியையும் மூடினார். நடுவில் இரண்டே எழுத்து தெரிந்தது. ‘நர’. பிறகு பின்பகுதியை மூடியிருந்த பெருவிரலை மெல்ல எடுத்தார்.

நரகம்மா.

உங்களுக்கு ஒருநாள் இது நடக்கும். மூன்று தரம் வாசித்த தாள். கீழே என் முழுப்பெயர். யந்திரம் அடித்துக்கொண்டே இருந்தது. தன் தாயை நரகத்துக்கு அனுப்பிய தாள்களை அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கி, ஓரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கனகண்ணைக்கு அருகில் போய், தாளைக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், மிதிபலகையிலிருந்து காலை எடுத்தார், யந்திரம் நின்றது. “இராசையா, உந்தக் கிணத்தடியிலை கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாருமன். சங்கிலி இழுபடுது, பாக்கோணும்” என்றார். இராசையா அண்ணை கிணற்றடிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“என்ரை வேலைதான் பிள்ளை. பேரப்பிள்ளையளின்ரை பக்கத்துக்குக் கால் காணேல்லை. இந்தப் பக்கத்திலையிருந்து ரண்டு மூண்டைக் கழட்டிக்கொண்டுபோய், பிறகு வாலை வெட்டின ‘ர’வை இதிலை போட்டனான். ஒண்டு வெட்டாததாப் போச்சுது.”

“நான் கண்டிருக்கோணும்.”

“ஆர் கண்டிருந்தாலும் என்ன. எத்தினை தாள் அடிச்சிட்டம்?”

எண்ணினேன். நாற்பது.

“எழுத்தை இப்ப மாத்திவிடுறன். நாப்பதையும் நடுவுக்குள்ளை வைப்பம். கல்வெட்டை ஆர் வாசிக்கிறது? படத்தைப் பாப்பினம், தங்கடை பேர் இருக்கோ எண்டு பாப்பினம், அலுமாரிக்குள்ளை வைப்பினம். உனக்கே தெரியேல்லையே.”

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குக் குத்தியது. அது உண்மை. எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிடம் நான் அதை யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இன்னொன்றையும் யோசித்தேன். நான் குருநகர் வேதக்கார, கிறிஸ்தவப் பிள்ளை. அவர் சைவக்காரர். தாயின் பெயர் இப்படி வந்ததைத் தற்செயலாக நாளைக்கு, ஐயர் இருக்கும்போது, சபையில் யாராவது கண்டால் அவர் என்ன நினைப்பார்? கவனக்குறைவு என்று நினைப்பாரா, பகிடி, கேலி என்று நினைப்பாரா? அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்துக் கேட்கவும் மாட்டார். கேட்டாலாவது பதில் சொல்லலாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிழையைக் கண்டதும் அதை எப்படி மறைக்கலாம் என்று மூளை வேகமாக வேலை செய்யும். அவ்வளவு வேகமாக அது வேறு எதற்கும் வேலை செய்யாது. அதனால்தான் அந்த நேரத்தில் அதை நம்பக் கூடாது.

இராசையா அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கனகண்ணை என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் தாளை நீட்டினேன்.

“அண்ணை, ஒரு பிழை நடந்திட்டுது. நான் பாத்துச் சரியெண்டு எழுதினது. நாப்பது தாள் அடிச்சிட்டம்.”

அவர் தாளை வாங்கி வாசற்பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மெல்ல வாசித்தார். அவருக்கும் முதலில் தெரியவில்லை. நான் விரல் வைத்துக் காட்டினேன். உதடு அசைந்தது. “நரகம்மா” என்று வாய்விட்டு வாசித்தார். பிறகு படியில் இருந்துவிட்டார். முதுகு எங்கள் பக்கம். தோள் குலுங்கத் தொடங்கியது.

நான் அழுகிறார் என்று நினைத்தேன். அருகில் போனால், மனிதர் சிரிக்கிறார். சத்தம் வராமல், மூச்சு முட்டச் சிரிக்கிறார்.

“பிள்ளை, இதை என்ரை மனிசியும் தம்பீன்ரை மனிசியும் கண்டினமெண்டால், ‘அச்சகத்துக்கு ஆர் போய்ச் சொன்னது’ எண்டு கேப்பினம்.”

கனகண்ணை சிரித்தார். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

இராசையா அண்ணை சால்வையால் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடிய நேரம் எடுத்தது. “அவவின்ரை வாய் அப்பிடி. முப்பது வருசம் மருமக்களை ஒரு நாளும் நல்லா எண்டு சொல்லேல்லை” என்றார். “ஆனா பிள்ளை, இது பேரப்பிள்ளையள் தங்கடை கொப்பியைக் கிழிச்சுத் தந்த தாள். இதிலை அவ அப்பிடி நிக்கக் கூடாது. மாத்துங்கோ.”

“எழுத்தை மாத்தலாம் அண்ணை. இந்த நாப்பதுக்கு...”

“வேறை தாள் இல்லை.”

“ஓம்.”

தாள் இல்லை என்றால் இல்லைதான். கொக்குவில் முழுக்க அலைந்தாலும் அன்றைக்கு நாற்பது தாள் கிடைக்காது. கிடைத்தாலும் தேவாரத்தை மறுபடி கோத்து அடிக்க நாளை மத்தியானம் ஆகிவிடும்.

“வாலைச் சுரண்டினாக் காணாதோ?” என்று அண்ணன் கேட்டார்.

நாங்கள் மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தான் ஏதோ பிழையாகக் கதைத்துவிட்டதாக நினைத்து, “எனக்கு உந்த எழுத்து விசயம் தெரியாது. மற்றவனுக்கு வால் இல்லைத்தானே, அதாலை கேட்டன்” என்றார்.

கனகண்ணை தலையில் கை வைத்தார். “இருபத்தைஞ்சு வருசமா ஈயத்திலை அதைத்தானேயப்பா நான் செய்யிறன்.”

யோசித்துப் பாருங்கள். அச்சில் விழுந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது சேர்க்க வேண்டும். புள்ளி சேர்க்க வேண்டும், கொம்பு சேர்க்க வேண்டும். கையால் சேர்த்தால் அசிங்கமாகத் தெரியும். இது ஒன்றுதான் எடுத்தால் சரியாகிற பிழை. வாலை எடுத்தால் ‘ர’ காலாகிவிடும், நரகம்மா நாகம்மா ஆகிவிடுவார். அது எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் நான் அதை ‘ர’ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவர பிளேட் ஒன்றை எடுத்து, பாதியாக உடைத்து, நான் உடனே முதல் தாளில் கை வைத்தேன். மை ஈரம். இழுபட்டு, கறுப்புத் தடம் ஒன்று ‘அவர்கள்’ என்ற சொல் வரைக்கும் போனது. தாளிலும் ஓட்டை. அந்த அவசரத்தில் ஒரு தாள் போய்விட்டது. நாற்பதில் முப்பத்தொன்பது.

“செத்தவீட்டுக்கு வராத மச்சான் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு இல்லை” என்றார் இராசையா அண்ணை. “ஆனா இனிப் பொறுத்துச் செய்வம் பிள்ளை.”

அண்ணன் தாள்களைக் கொண்டுபோய் முற்றத்தில், வெயிலில், ஒவ்வொன்றாகப் பரப்பி மூலைக்கு மூலை கல் வைத்தார். “கருவாடு போடுறது மாதிரித்தான். ஒண்டுக்கு மேலை ஒண்டு படக் கூடாது” என்று இராசையா அண்ணைக்குச் சொல்லிக்கொடுத்தார். தோட்டக்காரர் ஒருவரும் கடல்தொழிலாளி ஒருவரும் குந்தியிருந்து வெயிலுக்குத் தாள் திருப்பிப் போட்டார்கள். நடுவில் ஒருதரம் வானத்தில் விமான இரைச்சல் கேட்டு நாங்கள் எல்லோரும் பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடினோம். அது பலாலி விமானத்தளப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. வெளியே வந்ததும் இராசையா அண்ணை செய்த முதல் வேலை தாள்களை எண்ணியதுதான்.

காய்ந்த பிறகு மூவரும் மேசையைச் சுற்றி இருந்து சுரண்டினோம். கனகண்ணை எழுத்தை மாற்றி மிச்சத் தாள்களை அடித்துக்கொண்டிருந்தார். பிளேட்டின் மூலையால், தாளை வெட்டாமல், மையை மட்டும் பொடியாக எடுக்க வேண்டும். எங்கள் மூவரிலும் அண்ணனின் கைதான் சுத்தம். நான் ஒன்று செய்ய அவர் மூன்று செய்தார். இராசையா அண்ணை ஒவ்வொரு தாளையும் முடித்ததும் தூக்கிப் பிடித்து வாசித்தார். “நாகம்மா” என்பார், வைப்பார். அடுத்ததை எடுப்பார். கடைசித் தாளை வைத்துவிட்டு, “ஒரே நாளிலை இத்தினை தரம் அம்மாவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை” என்றார்.

பின்னேரம் முதலாளி வந்தார். கனகண்ணை தான் சொல்வதாகச் சொன்னார். விடவில்லை, நானே சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஆர் கண்டது?” என்றார்.

“என்ரை அண்ணை.”

“அவர் என்ன படிச்சவர்?”

“படிக்கேல்லை. கடல் தொழில். வாசிக்கத் தெரியாது.”

“கிழமையிலை ரண்டு நாள் அவரை இஞ்சை வரச்சொல்லும்” என்றார் முதலாளி.

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணனின் சைக்கிள் பாரில் இருந்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அவர் பார்த்ததை நான் ஏன் பார்க்கவில்லை? அந்தப் பெயரை நான் அந்தக் கல்வெட்டில் அதற்கு முன் பல தரம் வாசித்துவிட்டேன். ‘ந’ என்று தொடங்கியதும் மிச்சத்தை என் மூளையே எழுதிவிட்டது. தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணுக்கு வேலையே இல்லை. அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. அவர் தாளில் இருந்ததைப் பார்த்தார். அதுவும் தலைகீழாக.

சீண்டக் கூடாத இடத்தில் அவரைச் சீண்டியதற்கு வழியில் மன்னிப்புக் கேட்டேன். “என்னத்துக்கு?” என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. “நீ கொஞ்சம் பாரம் குறைஞ்சால் காணும்” என்றார்.

அடுத்த நாளிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அதைத்தான் உங்களிடம் விட்டுப்போகிறேன். எத்தனை தரம் வேண்டுமானாலும் வாசியுங்கள். வாசித்து முடிந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன், தாளைத் தலைகீழாகத் திருப்பிவைத்து ஒருதரம் பாருங்கள். வாசிக்க முயலாதீர்கள். சொற்கள் எல்லாம் கலைந்துபோய் வெறும் வளைவும் கோடும் புள்ளியுமாகக் கிடக்கும். அப்போது உடைந்த புள்ளி தெரியும். வரி ஓரத்தில் தனித்து நிற்கும் கொம்பு தூண்டில் மாதிரித் தெரியும். வேறொரு பெட்டியிலிருந்து தவறி வந்த எழுத்து, சபையில் ஊர் மாறி வந்தவர் போல் தெரியும். வால் தெரியும்.

இதைச் செய்யும்போது பார்க்கிறவர்களுக்கு உங்களைப் பற்றிச் சில சந்தேகங்கள் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

போன வருடம் ஒரு பெரியவர் மகளின் கலியாண அழைப்பிதழ் அடிக்க வந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய அதிகாரி. மடிப்புக் கலையாத சேட், சட்டைப்பையில் இரண்டு பேனை. பக்கம் தயாராகும்வரை முதலாளியின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வாசித்து முடித்து, தாளைத் திருப்பிவைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைக் கவனித்தார். பிறகு முதலாளியின் காதுக்குள் சொன்னார். சிலருக்குக் காதுக்குள் சொல்லத் தெரியாது, அறை முழுக்கக் கேட்கும்.

“உந்தப் பிள்ளை தாளைத் தலைகீழா வச்சுக்கொண்டு கால் மணித்தியாலமா இருக்குது. வாசிக்கத் தெரியாத ஆளையோ உதிலை இருத்தி வச்சிருக்கிறியள்?”

பழைய நானாக இருந்தால் உயர்தரப் பெறுபேறு முழுவதையும் பாடம் பாடமாக அவருக்கு ஒப்புவித்திருப்பேன். முதலாளி என்ன செய்யப்போகிறேன் என்று என்னைப் பார்த்தார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. “ஓம் ஐயா, இப்ப எனக்கு வாசிக்கத் தெரியாது” என்றேன். “ஆனா உங்கடை மகள் மலர்விழீன்ரை பேரிலை ஒரு புள்ளி உடைஞ்சுபோச்சு. ‘மலாவிழி’யா நிக்கிறா.”

அவர் எழும்பி வந்து, என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார். தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தெரியவில்லை. தாளைத் திருப்பச் சொல்லிக் கேட்டார். நான் திருப்பவில்லை. பிறகு அவர் என் பக்கத்திலேயே நின்று, இடுப்பில் கையை ஊன்றி, தலையைத் தோள்வரை சரித்துக்கொண்டு, தாளில் இல்லாத அந்தப் புள்ளியைத் தேடத் தொடங்கினார்.